கோல்கீப்பர் எழுதிய விதி

தெமியாங் டவுனில் சுகுமாறன் வேலை செய்யும் அச்சுக்கடைக்கு நான் முதன்முதலாகப் போனது, என் பட்டமளிப்புப் படத்தைப் பேனராக அடிக்க. மணல்மேட்டு ரப்பர் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போய்ப் பட்டத்தோடு திரும்பிய முதல் ஆள் நான். அந்தப் படத்தைத் தோட்டத்து நுழைவாயிலில், போகிற வருகிற லாரிக்காரனுக்கும் தெரிகிற மாதிரி கட்ட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. என் ஆசையும்தான், மறைப்பானேன்.

சுகுமாறனுக்கு நாற்பது வயதிருக்கும். நல்ல உயரம். கடைப் பெயர் போட்ட சட்டையின் முழுக்கை அவருக்கு மணிக்கட்டுக்கு வெகு மேலேயே நின்றுவிட்டது. திரையில் என் அங்கியின் நிறத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். பக்கத்திலேயே இன்னொரு படம் திறந்திருந்தது. மஞ்சள் ஜெர்சி, கறுப்புக் காலர். நெஞ்சில் சின்னமாக ஒரு கை, நீட்டிய சுட்டுவிரலோடு.

“இது எந்த டீம்ணே?”

“கல்லுமலை.”

“அந்தத் தோட்டத்ததான் வித்து வீடு கட்டிட்டாங்களே. கோயில் ஒன்னுதானே மிச்சம். அங்க ஏது டீமு?”

“என்கிட்ட இருக்கு,” என்றார், திரும்பிப் பார்க்காமல். “நீங்க எந்தத் தோட்டம்?”

“மணல்மேடு.”

இப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். “மணல்மேட்டுக்கு மேனேஜர் ஆள் கெடைக்காம இருக்கேன். வர்றீங்களா தம்பி? டிகிரி வாங்குனவரு, கூட்டல் கழித்தல் வரும்ல?”

அப்படித்தான் நான் தோட்ட லீக்கில் சேர்ந்தேன்.

அந்த லீக்கில் யாரும் பந்தை உதைப்பதில்லை. எட்டு அணிகள், எட்டும் பழைய தோட்டங்களின் பெயரில். ஒவ்வோர் அணிக்கும் சொந்தத் திடலில் ஆட ஒரு ஜெர்சி, வெளியூர் போய் ஆட ஒரு ஜெர்சி, ஒரு சின்னம். எல்லாம் சுகுமாறன் வரைந்தவை. ஆட்டக்காரர்களும் அவர் உண்டாக்கியவர்கள்தான். பெயர் வைத்து, எண் கொடுத்து, வயதும் போடுவார். ஒவ்வொரு சீசனுக்கும் அவர்களுக்கு ஒரு வயது கூடும். சிலருக்கு முட்டி போகும். சிலர் ஓய்வு பெறுவார்கள். மேனேஜர்கள் மட்டும் நிஜ மனிதர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மந்தின் டவுனில் யாக்கூப் பாய் சாப்பாட்டுக் கடையில் கூடுவோம். ஒரு காலி மைலோ டின்னில் பகடையைப் போட்டுக் குலுக்குவார் தேவன் அண்ணன். அவர் சுகுமாறனின் பால்ய சிநேகிதர், பஸ் ஓட்டுகிறவர். விழும் எண்தான் ஆட்டம். சாயங்காலத்துக்குள் சுகுமாறன் முடிவை வண்ணப் போஸ்டராக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். குழுவில் பல தோட்டத்து ஆட்கள் இருந்தார்கள். நிஜமாகவே ஒரு பந்தயம் நடந்ததுபோலத் திட்டிக்கொள்வார்கள்.

கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் எழுதித் தருகிறேன், ஒரு சீசனையே ஒரு நிமிடத்தில் ஓட்டிவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். படித்த படிப்பை எங்கேயாவது காட்ட வேண்டாமா.

“வேணாம் தம்பி. கம்ப்யூட்டர்ல போட்டா நான் உள்ள கைய விட்டுட்டேன்னு சொல்லுவானுங்க. டின்னுன்னா எல்லார் கண்ணு முன்னாலயும் விழுது. என்னைய ஒரு தடவ அப்படிச் சொன்னது போதும்.”

யார் சொன்னார்கள் என்று அப்போது கேட்கவில்லை. கல்லுமலையின் மேனேஜர் வந்து உட்கார்ந்த விதத்தைப் பார்த்ததும் பாதி புரிந்துவிட்டது.

இராஜமாணிக்கம் கல்லுமலைக் கோயில் கமிட்டியின் செயலாளர். கையில் தங்கக் காப்பு. எங்கே போனாலும் கூட இரண்டு பேர். சுகுமாறன் தானே போய் அவரை அழைத்திருக்கிறார். மேனேஜர் படம் போட்டுப் போஸ்டர் வரும் என்று சொன்னதும் உடனே ஒத்துக்கொண்டாராம். படம் வந்தது. வாராவாரம் வந்தது. ‘கல்லுமலை மறுபடியும் மண்ணைக் கவ்வியது’ என்ற எழுத்துக்குக் கீழே, இராஜமாணிக்கம் ஏதோ கல்யாண வீட்டில் கொட்டாவி விட்டபோது எடுத்த படம்.

பகடையில் ஏமாற்று எதுவும் இல்லை. விதியில்தான் விஷயம் இருந்தது. ஒவ்வொரு மேனேஜருக்கும் இருபது புள்ளி. அதை முன்வரிசை, நடுவரிசை, பின்வரிசை, கோல்கீப்பர் என்று பிரித்து முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். எதிரணிக்குப் பெரிய எண் விழும்போது கடைசியாகத் தடுக்கிறவன் கீப்பர்தான். இராஜமாணிக்கம் ஒவ்வொரு வாரமும் முன்வரிசையில் கொட்டிவிட்டு, “கீப்பருக்கு ஒன்னு போதும் லா, சும்மா நிக்கிறவன்தானே,” என்பார்.

“அந்தாளுக்குன்னே எழுதுன ரூல் இது,” என்றார் சுகுமாறன் ஒருநாள், கடையில் ஜெர்சிக்கு எண் ஒட்டிக்கொண்டே. “கீப்பர மதிக்காதவன் இதுல ஜெயிக்கவே முடியாது. அவன் மாறமாட்டான்னு எனக்குத் தெரியும். இருவது வருசமா பாக்குறேன்.”

பிறகு அவரே சொன்னார்.

சுகுமாறனுக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்லுமலை அணியின் கீப்பர். தீபாவளிக் கிண்ண இறுதி ஆட்டம், எதிரே ஆத்துப்பாலத் தோட்டம். கடைசி நேரத்தில் தூரத்திலிருந்து ஒருவன் அடித்த பந்து, வலப்பக்கம் பாய்ந்த சுகுமாறனை ஏமாற்றி இடப்பக்கம் புகுந்துவிட்டது. அணி மேனேஜர் இராஜமாணிக்கம் திடலுக்குள் இறங்கி வந்து விரலை நீட்டினார். “வித்துட்டான். சின்னப்புள்ள தடுக்கிற பந்து. சட்டயக் கழட்டுடா.” இரண்டு தோட்டத்து ஜனமும் பார்த்துக்கொண்டிருக்க, சுகுமாறன் ஜெர்சியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெற்றுடம்போடு வீட்டுக்கு நடந்தார்.

அதோடு முடியவில்லை. கல்லுமலை மாரியம்மன் திருவிழாவில் ஆறாம் நாள் உபயம் அவர்கள் குடும்பத்துடையது. அன்றைய பூசையும் அன்னதானமும் அவர்கள் செலவு. தேர் முன்னால் முதல் மாலை அவருடைய அப்பாவுக்கு. அடுத்த வருடம் ஆறாம் நாளுக்கு வேறு பெயரைப் போட்டார்கள். விலைபோனவன் வீட்டு உபயம் அம்மனுக்கு ஆகாது என்றாராம் இராஜமாணிக்கம். அப்பா அதற்குப் பிறகு கோயில் வாசலை மிதிக்கவில்லை. சாகிறவரை.

“எனக்கு அவன் கீழ போகணும். கடைசி எடத்துல நிக்கணும். அவன் மூஞ்சிய நான் போஸ்டர்ல போடணும்,” என்றார். “அப்பறம் ஒரு வார்த்த, நான் விக்கலன்னு யாராவது சொல்லணும். அவ்வளவுதான் தம்பி.”

எங்கள் விதிப்படி கடைசி இடம் பிடிக்கும் அணி ஒரு சீசன் முழுக்க வெளியே உட்கார வேண்டும். அந்த சீசனின் கடைசி ஞாயிறு கல்லுமலையும் ஆத்துப்பாலமும் மோத வேண்டியிருந்தது. சமன் செய்தால் கல்லுமலை தப்பிக்கும்; தோற்றால் வெளியே. அதற்கு அடுத்த வாரம் கோயில் கமிட்டித் தேர்தல். இராஜமாணிக்கம் தலைவர் பதவிக்கு நின்றார். போஸ்டர்களின் புண்ணியத்தில், கோயிலில் சின்னப் பையன்கள்கூட அவரைப் பார்த்ததும் கொட்டாவி விட்டுக் காட்டத் தொடங்கியிருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் அச்சுக்கடைக்கு வந்தார். என் அண்ணன் கல்யாணப் பத்திரிகையைத் திருத்திக்கொண்டு நான் அங்கேதான் இருந்தேன்.

“சுகு, தனியா ஒரு வார்த்த.”

“மொதலாளி இருக்காருண்ணே. வேல நேரம். வாட்ஸ்அப் வாய்ஸ்ல போட்டு விடுங்க, கேட்டுக்கிறேன்.”

இராஜமாணிக்கத்துக்குத் தமிழில் தட்டச்சு வராது. கமிட்டி விஷயம் முழுவதையும் வாய்ஸில்தான் நடத்துவார். அது சுகுமாறனுக்கு நன்றாகத் தெரியும். கார் கதவு சாத்தும் சத்தம் கேட்ட கொஞ்ச நேரத்தில் செய்தி வந்துவிட்டது. சுகுமாறன் அதைக் காதில் வைத்துக் கேட்டார். இரண்டாம் முறையும் கேட்டார். பிறகு எனக்குக் கேட்கக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டில், அவர் மனைவி லோகேஸ்வரி அக்கா கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார்.

“வாங்கிக்குங்க. மாமா பேர்ல பூச நடக்கட்டுமே. டைஸு எப்படி விழுந்தா யாருக்கு என்ன?”

“அவன் கையால வாங்குனா அது உபயம் இல்லடி. கூலி.”

“பின்ன எதுக்கு இம்புட்டு வருசம் அதயே பேசுனீங்க?”

சுகுமாறன் கோப்பியை முழுதாகக் குடித்துவிட்டு, “தம்பி, பாய் கடையில ஸ்பீக்கர் வேல செய்யுதான்னு கேட்டு வைங்க,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை யாக்கூப் பாய் கடையில் நாற்காலி போதவில்லை. இராஜமாணிக்கம் முன்மேசையில் நுரை ததும்ப ஆற்றிய தே தாரேக் டீயோடு, நிம்மதியான முகத்தோடு உட்கார்ந்திருந்தார். தேவன் அண்ணன் டின்னைக் கையில் எடுத்ததும் சுகுமாறன் எழுந்தார்.

“டைஸு போடுறதுக்கு முன்ன கல்லுமலை மேனேஜர் ஒரு சேதி அனுப்பியிருக்காரு. எல்லாரும் கேட்டுக்குங்க.”

பந்தாட்டம் காட்டும் நாட்களில் பாய் அலறவிடும் ஸ்பீக்கர் அது. இராஜமாணிக்கத்தின் குரல் வெளிச்சாலை வரை கேட்டது.

“சுகு, ஞாயித்துக்கிழம நம்ம டீம் கீழ போகக்கூடாது லா. எலெக்‌ஷன் நேரம். தேவன் உன் ஆளுதானே, டின்ன எப்படிக் குலுக்கணும்னு அவன்கிட்ட சொல்லு. ஒங்கப்பா உபயத்த நான் திருப்பிக் குடுத்துடறேன். ஆறாம் நாள்தானே? போட்டுக்கலாம். நமக்குள்ள இருக்கட்டும்.”

இராஜமாணிக்கம் சிரித்துப் பார்த்தார்.

“என்னா சுகு இது. வெளயாட்டுதானே லா.”

“அன்னைக்கும் வெளயாட்டுதானேண்ணே. அப்பறம் ஏன் சட்டயக் கழட்டச் சொன்னீங்க?”

பின்னால் யாரோ, “மேட்ச் விக்கிறவன் யாருன்னு இப்பத்தான தெரியுது,” என்றார். அடுத்த மேசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். சிரிப்பு எழுந்தது. இராஜமாணிக்கத்தின் காதுகள் சிவந்ததை நான் கண்ணால் பார்த்தேன். எனக்குப் பிடித்திருந்தது. கையைப் பிசைந்துகொண்டு நல்லவன்போல எழுத நான் தயாரில்லை.

எல்லாம் அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் தேவன் அண்ணன் டின்னை மேசையில் வைத்துவிட்டார்.

“சுகு, நான் ஒன்னு சொல்லணும்டா.”

“அப்பறம் சொல்லு. போடு.”

“இல்லடா, இப்பவே சொல்றேன். அன்னைக்கு பைனல்ல அந்தப் பந்து நேரா வரல. என் கால்ல பட்டு திரும்புச்சு. நான் பேக்ல ஒனக்கு முன்னால நின்னேன். எனக்கு அப்பவே தெரியும். அந்தாளு ஒன்னயக் காட்டுனதும், என்னயக் காட்டலன்னு இருந்துட்டேன்.”

சுகுமாறன் கேட்க ஆசைப்பட்ட அந்த ஒரு வார்த்தை வந்துவிட்டது, வாராவாரம் எதிரில் உட்கார்ந்து பகடை குலுக்கியவரின் வாயிலிருந்து. சுகுமாறன் அவர் பக்கம் திரும்பினார்.

“எங்கப்பா செத்தப்ப பாடயத் தூக்குனல்ல நீ. மொத ஆளா வந்து தூக்குன.”

“தூக்குனேன்.”

“அப்பக்கூடச் சொல்லல.”

தேவன் அண்ணன் டின்னை அவர் பக்கம் நகர்த்தினார்.

“தள்ளி ஒக்காரு. பாய், நீங்க வந்து போடுங்க.”

யாக்கூப் பாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குலுக்கினார். ஒவ்வோர் எண்ணையும் சுகுமாறன் உரக்கப் படித்தார், குரல் ஏறாமல் இறங்காமல். முதல் பாதியில் ஆத்துப்பாலத்துக்கு இரண்டு கோல். இரண்டாம் பாதியில் கல்லுமலைக்கு இரட்டை ஆறு விழுந்தது; அதற்கு இரண்டு கோல். இரண்டுக்கு இரண்டு. கல்லுமலை தப்பித்துவிட்டது.

ஓர் எண்ணை மாற்றிப் படித்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கடையில் அன்று எல்லாருமே அவர் பக்கம்தான். அவர் மாற்றவில்லை.

“ரெண்டு ரெண்டு. கல்லுமலை லீக்கில இருக்கு,” என்று அறிவித்துவிட்டு, இராஜமாணிக்கம் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். “வெளிய போயிருந்தா ஒரு சீசன் போஸ்டர்லேருந்து தப்பிச்சிருப்பீங்கண்ணே.”

இராஜமாணிக்கம் தேர்தலில் தோற்றார். ஆனாலும் லீக்கை விட்டு விலகவில்லை; விலகினால் பயந்துவிட்டான் என்பார்கள். புதிய கமிட்டி ஆறாம் நாள் உபயத்தை யாரும் கேட்காமலே அந்தக் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுத்தது. திருவிழாவில் முதல் மாலையை சுகுமாறன் போட்டுக்கொண்டார். அன்னதானப் பந்திக்குத் தேவன் அண்ணன் வந்து வரிசையில் நின்றார். சுகுமாறன் அவரைத் தாண்டிப் பக்கத்து இலைக்குச் சோறு வைத்தார். லோகேஸ்வரி அக்காதான் பின்னாலேயே வந்து அவருக்குப் பரிமாறினார்.

இந்த சீசனில் கல்லுமலை அணிக்குப் பின்வரிசையில் புதிதாக ஓர் ஆட்டக்காரர் வந்திருக்கிறார். பெயர் தேவன், எண் நான்கு. எல்லாருக்கும் வயது ஏறுகிறது. இவருக்கு மட்டும் ஏறுவதில்லை, ஓய்வும் கிடையாது. கல்லுமலை வாங்கும் ஒவ்வொரு கோலுக்கும் போஸ்டரின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி வருகிறது: ‘தேவன் காலில் பட்டுத் திரும்பியது.’ போதும்ணே, பாவம்ணே என்று நான் ஒருமுறை சொன்னேன். “இருவது வருசம் ஆகட்டும், பாக்கலாம்,” என்றார்.

சுகுமாறன் இப்போதும் தெமியாங் கடையில்தான் வேலை செய்கிறார். லீக் ஆறாவது சீசனில் இருக்கிறது. நான் செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். மணல்மேடு இரண்டாம் இடத்தில் இருக்கிறது. தேவன் அண்ணன் இன்னும் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார். சுகுமாறன் அவரோடு பேசுவதில்லை.