வெள்ளைத் தட்டும் என் மச்சானும்

எங்கள் கரையில் அந்த வெள்ளைத் தட்டை முதன்முதலில் கடலில் இறக்கியவன் நான்தான். யாரும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுவேன்.

யுத்தம் முடிந்து, கடற்படைக்குப் பாஸ் காட்டாமல் கடலுக்குப் போகலாம் என்றான பிறகுதான் பல்கலைக்கழகத்து மிஸ் கற்பிட்டிக்கு வந்தார். கடலின் தெளிவை அளக்க அவர் கொண்டுவந்தவை பெரிய சோற்றுப் பீங்கான் அளவில் ஒரு வெள்ளைத் தட்டும், அரை மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறும். நடுப்பகலில், வள்ளத்தின் நிழல் விழும் பக்கமாகத் தட்டை இறக்க வேண்டும். அது கண்ணுக்கு மறையும் இடத்தில் கயிற்றைப் பிடித்து முடிச்சுகளை எண்ண வேண்டும். அவ்வளவுதான். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இத்தாலியில் ஒரு குருவானவர் பாப்பரசரின் கப்பலிலிருந்து இதை இறக்கிப் பார்த்தாராம். மிஸ் அதைச் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தலைக்கனம் கூடிவிட்டது. மாதா கோயிலில் முன்வாங்கில் போய் உட்கார்ந்தேன்.

கடலைப் படிக்கும் மிஸ்ஸுக்கு வள்ளத்தில் கால் வைத்தாலே வாந்தி. ஆகவே தட்டு என் பொறுப்பு. வாரம் ஒருமுறை, இரண்டு வருடங்கள், ஒரே இடத்தில் அளந்து கொப்பியில் எழுதினேன். ஒன்பது மீற்றரில் தொடங்கிய எண் மெல்ல மெல்ல ஆறரைக்கு இறங்கியது. கடல் கலங்கி வருகிறது என்றார் மிஸ். என் எண்களை வைத்து ஒரு கோடு கீறி, அதை ஒரு மாநாட்டுக்குக் கொண்டுபோக இருந்தார்.

அப்போது பார்த்து எனக்குக் காய்ச்சல். மூன்று வாரம் என் மனைவியின் தம்பி எனக்குப் பதிலாகப் போனான். மூன்று வாரமும் ஒன்பது என்று எழுதி வைத்திருந்தான். அதுவும் அச்சடித்தது மாதிரிக் கையெழுத்தில். மிஸ் முகமெல்லாம் சிரிப்பு. "கடல் திரும்பத் தெளியுது போல" என்று சொல்லி, தேத்தண்ணியை முதலில் அவனிடம் நீட்டினார். எனக்கு அது பொறுக்கவில்லை. பொறாமைதான், வேறென்ன? என் தட்டு, என் கயிறு, என் கொப்பி.

"அவன் உங்களச் சந்தோசப்படுத்தப் பொய் எழுதுறான் மிஸ்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, மறுநாள் மூவரும் போவோம் என்றார்.

போனோம். மிஸ் கொப்பியை மடியில் வைத்து, தலையைக் குனிந்து, வள்ளத்தின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தார். நான் தட்டை இறக்கினேன். ஆறரையில் மறைந்தது.

"மறஞ்சிட்டுது" என்றேன்.

மச்சான் தண்ணீரைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். "ஓம் அத்தான். எனக்கும் மறஞ்சிட்டுது."

வென்றுவிட்டேன் என்ற சந்தோஷத்தில் கயிற்றைச் சும்மா நழுவவிட்டேன். முடிச்சுகள் ஒவ்வொன்றாக என் விரலைத் தாண்டிப் போயின.

"கல்லில முட்டப்போகுது அத்தான், இழுங்க" என்றான் மச்சான். சொன்ன கையோடு வாயை மூடிக்கொண்டான்.

நான் குனிந்து பார்த்தேன். கல்லும் இல்லை, தட்டும் இல்லை. பச்சைத் தண்ணீர் மட்டுமே இருந்தது.

மிஸ் தலை நிமிராமலே கேட்டார். "அப்ப ஆறரை. ரெண்டு பேருக்கும் சரிதானே?"

"ஓம் மிஸ்" என்றான் அவன். அவன் சொல்லாத பொய்யை அவன்மேல் சுமத்தினேன். இப்போது எனக்காக உண்மையிலேயே பொய் சொல்கிறான். அந்த நல்ல மனதைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. இவனிடம் கடன்பட்டு அந்தக் கொப்பியை வைத்திருக்க முடியாது என்று பட்டது.

"ஆறரை எண்டு எழுதாதீங்க மிஸ்" என்றேன். "அவனுக்கு இன்னும் தெரியுது. எனக்குத்தான் தெரியல்ல."

மிஸ் நிமிர்ந்தார். என்னைத் திட்டவில்லை. கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினார். போன மாதம், அதற்கு முந்திய மாதம், போன வருடம், எல்லாம் என் கையெழுத்து. முதல் பக்கத்துக்கு வந்ததும் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"எந்த மாசத்தில இருந்து அண்ணா?"

எனக்குத் தெரியவில்லை.