முதல் கிழங்கு

சிதம்பரத்துக்குக் கிழக்கே அரைக்காணி மணல் கொல்லையில் சக்கரவள்ளி போடுகிறவர் கொளஞ்சிநாதன். அறுவடை நாளில் முதல் கிழங்கைக் கடித்துத் தீர்ப்பு சொல்வது அவர் மனைவி தையல்நாயகிதான். மண்ணை முந்தானையில் துடைத்துப் பச்சையாகவே கடிப்பாள். "நல்லா இனிக்குது" என்றால் அவருக்குத் தலைகால் புரியாது. "சப்புன்னு இருக்கு" என்றால் அன்றெல்லாம் சிடுசிடுப்பார்.

மக்கிய எருவைக் கடைசி உழவில் போடுவது அவர் வழக்கம். ஒரு வருடம் புயல் மழை எருக்குழியையே அடித்துக்கொண்டு போனது. கிழங்கு பருக்கவில்லையே என்று பொறுமை கெட்டு, அறுவடைக்குக் கொஞ்ச நாள் முன்பு பச்சைச் சாணியைக் கரைத்து வேரில் ஊற்றினார்.

"மக்காத சாணிய இப்பப் போயி ஊத்துறியே?" என்றாள் தையல்நாயகி.

"எனக்குத் தெரியும், நீ போ!" என்று எரிந்து விழுந்தார்.

அந்த முறையும் முதல் கிழங்கை அவள்தான் கடித்தாள். ரத்தபேதியில் படுத்தாள். சாணியில் இருந்த கிருமியாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர். பிழைத்து வந்தவள் புருஷனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதன்பிறகு மக்காத எரு கொல்லைக்குள் வந்ததில்லை. இந்தத் தையில் முதல் கிழங்கைத் துண்டால் துடைத்து, தானே ஒரு கடி கடித்துக் காட்டிவிட்டு, மீதியை நீட்டினார். "பயப்படாத, எரு நல்லா மக்குனதுதான்."

தையல்நாயகி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "ஊட்டுக்குப் போயி அவிச்சித் தின்னுக்கிறேன்."

அவித்தால் எந்தக் கிழங்கும்தான் இனிக்கும்.