பதினேழாம் இலக்க உசாத்துணை

இரண்டு வருடங்களுக்கு முன், கச்சான் காற்று ஓயாமல் வீசிய ஒரு ஜூலை மாதப் பகலில், கற்பிட்டிக்கும் ஆலங்குடாவுக்கும் நடுவே கடலைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் வீட்டு விறாந்தையில் நடந்தது இது.

என் தொழிலைச் சொன்னால் ஊரில் பலருக்கு விளங்காது. டொக்டர்மார் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினால், எந்தத் தகவலை எங்கிருந்து எடுத்தோம் என்று கடைசியில் ஒரு பட்டியல் போட வேண்டும். அதற்கு உசாத்துணை என்று பெயர். சஞ்சிகைக்குச் சஞ்சிகை அதற்கு ஒரு சட்டம். ஒரு சஞ்சிகைக்கு ஆசிரியர் பெயருக்குப் பின்னால் புள்ளி கட்டாயம், இன்னொன்றுக்கு அது ஹராம். கட்டுரையில் முதலில் வருவதற்கு முதலாம் இலக்கம், அடுத்ததற்கு இரண்டாம் இலக்கம். இந்த ஒழுங்கைச் செய்து கொடுப்பதுதான் என் வேலை. "புள்ளி வைக்கிறதுக்கும் ஒரு படிப்பா ராத்தா?" என்று என் தம்பி இந்த அக்காவைப் பார்த்துச் சிரிப்பான். அவன் கடலுக்குப் போகிறவன்.

அன்று என் கையில் இருந்தது, தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இருக்கும் ஒரு பெண் டொக்டரின் முதல் கட்டுரை. திருக்கை மீனின் முள் குத்தியவர்களுக்குச் செய்யும் வைத்தியத்தைப் பற்றியது. மறுநாள் பகலுக்குள் அனுப்பாவிட்டால் சஞ்சிகை ஏற்காது. மொத்தம் முப்பத்திரண்டு உசாத்துணைகள். பதினாறு வரை வழுக்கிக்கொண்டு வந்தேன், பதினேழில் முட்டிக்கொண்டேன்.

குத்துப்பட்ட காலை எவ்வளவு நேரம் வெந்நீரில் வைக்க வேண்டும் என்று சொல்லும் வரிக்குரிய இலக்கம் அது. மூலக் கட்டுரை மிகப் பழையது. இணையத்தில் தலைப்பு மட்டும்தான் கிடைத்தது. ஆனால் அதை ஆதாரம் காட்டி எழுதிய பிந்திய கட்டுரைகள் மூன்று இருந்தன, மூன்றும் ஒரே நேரத்தைத்தான் சொல்லின. மூன்று பேர் சொன்னால் பொய்யாகுமா? அவர்களுடைய பட்டியலிலிருந்து அப்படியே எடுத்து, சட்டப்படி புள்ளி வைத்து ஒட்டிவிட்டேன். எல்லாரும் செய்வதுதானே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

வெளியே வெயில் வெள்ளையாகக் கொட்டிக் கிடந்தது. தூரத்தில் காற்றாலைகள் சுற்றின. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலையில் சறுக்கும் வெள்ளைக்காரர்களின் பட்டங்கள் மட்டும் வானத்தில் மிதந்தன, ஆட்களைக் காணவில்லை. கண் சொருகியது. மூடிய இமைக்குள்ளும் இலக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன. தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு சுகம்.

அந்த மயக்கத்துக்குள்தான் மீனுக்கு ஐஸ் கொண்டுவரும் லொறிக்காரரின் குரல் கேட்டது. தம்பியின் போட் கவிழ்ந்துவிட்டதாம்.

தம்பியின் மனைவி முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். நான் ஓவென்று கத்திக்கொண்டு ஓடினேன். அவள் நிமிர்ந்து, அண்ணனை அழைப்பது போல அந்த மனிதரை அழைத்துக் கேட்டாள்.

"நானா, நீங்க கண்டீங்களா, கேட்டீங்களா?"

"கேட்டது தான் புள்ள. அங்கால மீன் வாடியில கதைச்சாங்க."

அவள் மறுபடி குனிந்துகொண்டாள். எங்கள் கரையில் இது வழக்கம். கடலுக்குப் போனவரைப் பற்றி யார் என்ன செய்தி கொண்டுவந்தாலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். கண்டவர் வந்து சொல்லும்வரை அந்தச் செய்தி வீட்டுக்குள் நுழையக்கூடாது. எனக்கும் தெரிந்த வழக்கம்தான், ஆனால் அந்த நேரத்தில் அது என் புத்திக்கு வரவில்லை.

பிறகு இன்னும் இரண்டு பேர் வந்து அதையே சொன்னார்கள். அவள் அவர்களிடமும் அதையே கேட்டாள். இருவரும் கேட்டவர்கள்தான், அதுவும் அந்த லொறிக்காரரிடமே கேட்டவர்கள். இவளுக்கு இவ்வளவு கல் நெஞ்சா என்று நினைத்தபடி அவள் கையைப் பார்த்தேன். ஒரே மீனைத்தான் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசியில், இடுப்புச் சாரம் நனைந்து காலில் ஒட்ட ஒருவர் கரையிலிருந்து ஓடிவந்தார். அவள் வாய் திறக்கும் முன்பே கையை உயர்த்தினார்.

"கண்ட புள்ள, ரெண்டு கண்ணாலயும் கண்ட. கவுந்தது வேற போட். அதில இருந்தவங்கள ஒங்கட மாப்புள தான் தூக்கினது. எஞ்சினுக்குத் தண்ணி போய், மெதுவா வாறாரு."

அப்போதுதான் அவள் மணலில் உட்கார்ந்து அழுதாள். நானும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அஸர் தொழுகைக்குப் பிறகு தம்பி வந்து, ஒன்றுமே நடக்காதவன் போலத் தேத்தண்ணி கேட்டான்.

விறாந்தைக்குத் திரும்பி மடிக்கணினியைத் தொட்டேன். திரை விழித்துக்கொண்டது, பதினேழாம் இலக்கம் அங்கேயே இருந்தது. நீ கண்டதா, கேட்டதா? எனக்கு முகம் சுட்டது. மூன்று கட்டுரைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பிந்திய இரண்டும் முதலாவதிலிருந்து எடுத்திருந்தன, அச்சுப்பிழை கூட மாறவில்லை. முதலாவது மூலத்தைக் கண்டதா என்பது யாருக்குத் தெரியும்? நஞ்சேறி வலியில் துடிக்கும் காலுக்கு வெந்நீரின் சூடு தெரியாது. நேரம் பிழைத்தால் தோல் வெந்துவிடும். அந்தக் கால் என் தம்பியின் காலாகவும் இருக்கலாம்.

டொக்டருக்குப் போன் எடுத்தேன். "டொக்டர், பதினேழ நான் பட்டியல்ல தான் கண்டன். கட்டுரையக் காணல்ல. என்ட பிழைதான்."

அவர் மெதுவாகச் சொன்னார்: "உண்மையைச் சொன்னால், நானும் பார்க்கேல்லை."

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருக்கும் தன் தோழியிடம் அவர் கேட்டார். மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு வந்தபோது அந்தப் பழைய பக்கத்தின் படம் வந்திருந்தது. அது கட்டுரையே அல்ல, அரைப் பக்கக் கடிதம். இவ்வளவு நேரம் வெந்நீரில் வைத்தால் போதும் என்று அந்தப் பக்கத்து மீனவர்கள் சொல்லக் கேட்டதாகவும், தான் சோதித்துப் பார்க்கவில்லை என்றும் அதை எழுதியவர் நேர்மையாகவே எழுதியிருந்தார்.

அதுவும் கேட்டதுதான்! பெயர் தெரியாத ஏதோ ஒரு கரையில் யாரோ சொன்ன வார்த்தை, கடல் கடந்து, அச்சேறி, இலக்கம் வாங்கி எங்கள் விறாந்தைக்கு வந்திருக்கிறது.

டொக்டர் அந்த வரியை எடுத்துவிட்டு, தோலைப் பார்த்துப் பார்த்துத்தான் வெந்நீரில் வைக்க வேண்டும் என்று தன் வார்டில் தானே கண்டதை எழுதினார். பதினேழு போனது. தொழுகை வரிசையில் ஒருவர் விலகினால் மற்றவர்கள் நெருங்கி நிற்பது போல, பதினெட்டு பதினேழாகி, கடைசி இலக்கம் வரை ஒவ்வொன்றாக நகர்ந்தன. நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன் அனுப்பிவிட்டோம். கட்டுரையும் பிறகு வெளிவந்தது.

இப்போதும் ஓர் இலக்கத்தைப் போடும்போதெல்லாம், ஒரே மீனைப் புரட்டிக்கொண்டிருந்த அந்தக் கைகள் என் கண்முன் வரும். கண்டது என்று அவளிடம் சொல்ல முடிந்தால்தான் அடுத்த இலக்கத்துக்குப் போகிறேன்.