ஒரு நெல் நீளம்

சித்தப்பாவை அளந்தபோது அந்தப் புளியமரத்தடியில் இருந்தவர்கள் ஆறு பேர். பட்டாளத்துக்கு ஆள் எடுக்க ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடாரம் அடித்திருந்த அளவுக்காரர், பக்கத்தில் உட்கார்ந்து பெயர் எழுதினவர், சித்தப்பா, என் அப்பா, வன்னியம்பட்டியிலிருந்து வந்திருந்த ஒரு தூங்குமூஞ்சி, ஒன்பது வயதில் நான். அம்மா அங்கே இல்லை. ராஜபாளையத்தில் வீட்டில் இருந்தாள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அன்று நடந்ததைப் பற்றிக் கடைசிவரை அதிகம் பேசினவள் அவள்தான்.

முந்தின வருஷமே சித்தப்பா பட்டாளத்தில் சேரப் போனார். அப்போது பதினெட்டு வயது. ஒரு நெல் நீளம் உயரம் குறைகிறது என்று திருப்பிவிட்டார்கள். வேறு ஆளாக இருந்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவர் தச்சரிடம் அளவு கேட்டு, மாட்டுத் தொழுவத்துக் கல்தூணில், பட்டாளத்துக்கு வேண்டிய உயரத்தில் ஒரு கரிக்கோடு போட்டார். தினமும் கோழி கூப்பிடுமுன் எழுவார். ஒரு செம்பு நீராகாரம், ஐம்பது தண்டால், பிறகு தொழுவத்து உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு நூறு எண்ணும்வரை தொங்குவது. எண்ணுவது என் வேலை. இரண்டாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்தார்கள். எனக்கு நூறுக்கு மேல் எண்ணத் தெரியாது, அவருக்கு நூறுக்கு மேல் கை தாங்காது.

“அண்ணாச்சி, உங்க வீட்டுல வவ்வால் வளக்கியளாமே?” என்று பக்கத்து வீட்டுக்காரர் அப்பாவிடம் கேட்டார்.

“பறக்கையில வந்து பாருங்க” என்று உத்தரத்திலிருந்தே பதில் சொன்னார் சித்தப்பா.

எட்டு மாதம் ஒரு நாள் தவறவில்லை. சிறுவயதிலிருந்து படுத்திய இளைப்பு நின்றது. தோள் விரிந்தது. தொங்கி இறங்கினதும் அம்மா அளப்பாள். என் பழைய சிலேட்டை அவர் தலையில் படுக்கையாக வைத்து, அது தூணில் முட்டுகிற இடத்தில் சுண்ணாம்புப் புள்ளி வைப்பாள். மாசி மாதம் அந்தப் புள்ளி கரிக்கோட்டைத் தொட்டது. வீட்டில் பாயசம்.

சித்தப்பாவுக்கு மறுநாள் காலைவரை பொறுமை கிடையாது. பருத்தி மூட்டை சுமந்துவிட்டு அந்தியில் வந்ததும் என்னைக் கூப்பிடுவார். நான் உரல்மேல் ஏறி அளப்பேன். என் புள்ளி அம்மாவின் புள்ளிக்கு ஒரு நெல் நீளம் கீழேதான் விழும்.

“ஏட்டி, சிலேட்டைச் சாய்ச்சுப் புடிச்சிருக்கே.”

“இல்லம்மா, நேராத்தான் புடிச்சேன்.”

“அப்பம் காலையில நான்தான் பொய்யா வச்சேனா? நல்லது நடக்கையில எம்புட்டுக் குறுக்க விழுதா பாரு இவ!”

மூன்று நாள் புள்ளி அப்படியே விழுந்தது. நான்காம் நாள் எனக்கு அடியும் விழுந்தது. நான் இலை அசைந்தாலே பயப்படுகிறவள். ஐந்தாம் நாளிலிருந்து, சிலேட்டு எங்கே முட்டினாலும் அம்மாவின் புள்ளிமேலேயே என் புள்ளியையும் வைத்தேன். எல்லாருக்கும் சந்தோஷம். நான் மட்டும் மற்ற நேரத்தில் அந்தத் தூண் பக்கமே போகமாட்டேன்.

சித்திரையில் கூடாரம் வந்தது. சித்தப்பா விடியுமுன் கிளம்பி ஏழு மைலும் நடந்தே போனார். அப்பாவும் நானும் மிளகாய் மூட்டை ஏற்றின வண்டியில் பின்னால் போனோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அளவுக்காரர் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை. காத்திருந்த ஆட்களைக் கூப்பிட்டுக் கூடாரச் சாமானை இறக்கச் சொன்னார். பிறகு விறகு, பிறகு தண்ணீர். எதற்கும் முதலில் போய் நின்றவர் சித்தப்பா. எட்டு மாதப் பழக்கம், உடம்பு சும்மா இருக்க மறுத்தது. உச்சி வெயிலில் தலைமேல் சுமை போய்க்கொண்டே இருந்தது.

“ஏலே, செத்த நேரம் உக்காருலே” என்றார் அப்பா.

“இருக்கட்டும்ண்ணே. நம்ம எம்புட்டுத் தாங்குவோம்னு இவியளும் பாக்கட்டும்.”

வன்னியம்பட்டிக்காரர் காலையிலேயே மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். பொழுது சாயும்போது கடைசியாக மிஞ்சியவர்கள் அவரும் சித்தப்பாவும்தான். பெயர் கூப்பிட்டதுகூடத் தெரியாமல் தூங்கினவரை அப்பாதான் தட்டி எழுப்பினார். கொட்டாவியோடு போய் அளவுகோலில் நின்றார். பட்டாளத்து உயரத்தில் குறுக்கே பொருத்தியிருந்த கட்டை அவர் தலையைத் தொட்டது. எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்து சித்தப்பா. கட்டைக்கும் தலைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

“ஒரு நெல் குறையுது. போ.”

“ஐயா, இன்னொருக்கப் பாருங்க. வீட்டுல காலையிலயும் அந்தியிலயும் அளந்துட்டுத்தான் வாரேன்.”

நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

“பொழுது போச்சுப்பா. இன்னும் ரெண்டு நாளைக்கு இதே பாடுதான் எனக்கு. போ, போ.”

வீட்டுக்கு வந்ததும் அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். “எல்லாம் இவ நாக்குத்தான். தாழுது தாழுதுன்னு சொல்லியே புள்ளையத் தாழ்த்திட்டா.”

இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொதிக்கிறது. பிற்பாடு என் பிள்ளைகள் நான்கு பேரையும் காலையிலும் அந்தியிலும் நானே அளந்து பார்த்தேன். யாரானாலும் அந்தியில் குறைகிறது. சுமை தூக்கினால் இன்னும் குறைகிறது. செத்த நேரம் படுத்து எழுந்தால் திரும்பி வருகிறது. அம்மாவின் புள்ளியும் சரி, என் புள்ளியும் சரி. சரியாக வைத்த புள்ளிக்கு அடி வாங்கினேன். பொய்யாக வைத்ததற்கு, “இப்பத்தான் புத்தி வந்திருக்கு” என்று பெயர் வாங்கினேன். நாள் முழுக்கத் தூங்கினவர் பட்டாளத்துக்குப் போனார். ஒரு நாளும் தூங்காதவர் வீட்டுக்கு வந்தார். இது என்ன நியாயம்?

சித்தப்பா பழக்கத்தை விடவில்லை என்பதும் உண்மைதான். பருத்தி அரவை ஆலையில் கூலியாகச் சேர்ந்து, தினமும் எல்லாருக்கும் முந்திப் போய் நின்றே மேஸ்திரி ஆனார். அறுபது வயதுவரை காய்ச்சல் என்று படுத்ததில்லை. விடியலில் எழுந்ததன் பலன் என்று ஊரே சொல்லும். நானும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்டது ஆலை இல்லை.

கூடாரத்திலிருந்து திரும்பி வந்த மறுநாள் காலையும் அவர் கோழிக்கு முன்னே எழுந்துவிட்டார். உத்தரத்தைப் பிடித்துத் தொங்கினார். நான் எண்ணினேன். அம்மா அளந்தாள். சிலேட்டு கரிக்கோட்டில் கச்சிதமாக முட்டியது.

“இந்தா, சரியா இருக்குல்லா! அளந்தவன்தான் களவாணி” என்று அம்மா கத்தினாள். அப்பா ஓடிவந்து பார்த்து, அளவுக்காரரை வாய் வலிக்கத் திட்டினார். மூன்று பேருமாகத் திட்டித் தீர்த்துவிட்டு, மனசு ஆறிக் கஞ்சி குடிக்கப் போனார்கள்.

கூடாரம் அங்கேயேதான் இருந்தது. வண்டி வாசலில் நின்றது. வைக்கோலைப் பரப்பி, சித்தப்பாவைப் படுக்க வைத்தே கொண்டுபோய் அளவுகோலடியில் இறக்கியிருக்கலாம். அது எனக்கு அன்று தெரியவில்லை. அன்றைக்கு அந்தியிலும் என்னை அளக்கச் சொல்வார்களோ என்று பயந்து, சிலேட்டை எங்கே ஒளித்து வைக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன்.