சுவர் தெரியாத படங்கள்

கொட்டகலைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் கல்யாணம், சடங்கு, ஞானஸ்நானம் எதுவானாலும் வீடியோ எடுக்கக் கூப்பிடப்படுகிறவர்களில் றோலண்டும் ஒருவர். பெரிய கைகாரர் என்று சொல்ல முடியாது. அவர் எடுக்கும் படங்களில் முகங்கள் மட்டுமே இருக்கும்.

அதற்குக் காரணம் உண்டு. தொழிலாளர்களின் ஒற்றை லயத்து அறையில் பின்னால் நகர்ந்தால் உடனே முதுகில் சுவர் இடிக்கும். அந்தச் சுவரும் மழைநீர் ஊறிக் கறுத்திருக்கும். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் பார்க்கப்போகிற படத்தில் அது தெரியக் கூடாது. ஆகவே அவர் பையில் ஒரு சிவப்புத் திரைச்சீலையும் கொஞ்சம் ஆணியும் எப்போதும் இருக்கும். திரையைத் தொங்கவிட்டு, கிட்டே போய் எடுப்பார். முகம் சட்டத்தை நிறைத்துவிட்டால் வீடு என்ற ஒன்றே இல்லாமல் போய்விடும்.

தன் முகத்தையும் அவர் அப்படித்தான் காட்டினார். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மனைவி தெரேசா கூப்பிட்டால், சவரம் செய்து, தலை வாரி, போனை முகத்தருகே பிடித்துக்கொள்வார். தெரேசாவும் நெற்றியிலிருந்து மோவாய் வரைதான் தெரிவாள். தனக்கென்று ஒரு ரூம் கொடுத்திருக்கிறார்கள் என்பாள்.

"இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க மேடம். ஞாயித்துக்கெழமக்குள்ள பதில் சொல்லணும்," என்றாள் அந்த வாரம். "நீங்க நல்லாத்தானே இருக்கீங்க? மொகம் பளபளன்னு இருக்கே."

"எனக்கென்ன கொற? ஒன் இஷ்டம்."

வா என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லவில்லை. அவள் முடிவில் கைவைக்கக் கூடாதென்று நினைத்தாரா, வரமாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தாரா என்பதை அவர் பிரித்துப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை டயகமவில் ஒரு பூப்புச் சடங்கு வீடு. பெண்ணின் தாய் நிஷாந்தியும் வெளிநாட்டில்தான். போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை நாகலெட்சுமி போனை றோலண்டிடம் நீட்டினாள்.

"நீங்களே புடிங்கண்ணே. சொவரு தெரியாமக் காட்டுங்க. ஆனா அந்தக் கல்யாண வீட்டுல எடுத்த மாதிரி வேணாம், மாப்பிள்ள மூக்கு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு."

"அவரு மூக்கு பெருசும்மா. அதுக்கு நான் என்ன செய்ய?"

பெண்கள் சிரித்தார்கள். றோலண்ட் போனைப் பிள்ளையின் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிப் போங்க," என்றாள் நிஷாந்தி. "பக்கத்துல யாரு நிக்கிறான்னு தெரியல."

"தள்ள எடமில்லம்மா."

"எனக்குத் தெரியாதா எங்க வீடு? வெளிய போய் இஸ்தோப்புல நின்னு காட்டுங்க."

அறைக்கு முன்னால் சின்னத் தாழ்வாரமாக இருந்த இஸ்தோப்புக்கு இறங்கி, வாசல் வழியாகக் காட்டினார். பட்டுச்சேலையின் பாரத்தில் சிறுத்துப்போய் நாற்காலியில் பிள்ளை. திரைச்சீலை முடிந்த இடத்தில் கறுத்த சுவர். பிள்ளைக்கு வலப்பக்கம், தாய் நிற்க வேண்டிய ஓர் ஆள் இடம் காலியாகக் கிடந்தது. ஆலாத்தி எடுத்த பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு மறுபக்கமே நின்றார்கள். கிட்டே இருந்தவரை அவர் அதைக் கவனிக்கவில்லை.

நாகலெட்சுமி வெளியே வந்து போனை எட்டிப் பார்த்தாள்.

"அழுவுறியாடி?" என்று கேட்டாள்.

"இல்ல அண்ணி. அப்படியே இருக்கட்டும். போன நகத்தாதீங்க."

மறுநாள் பொழுதுசாய, தெரேசா கூப்பிடும் நேரத்தில் றோலண்ட் சவரம் செய்யவில்லை. தன் வீட்டு இஸ்தோப்பின் குட்டைச்சுவரில் போனைச் சாய்த்து வைத்தார். மணி அடித்ததும் அதைத் தொட்டுவிட்டு, கதவை அகலத் திறந்து, உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

"என்னங்க, போன் விழுந்துருச்சா? எங்க இருக்கீங்க?"

"இங்கதான். கட்டில்ல."

அவரைக் கண்டுபிடிக்க அவளுக்குக் கொஞ்சம் நேரமானது.

"இம்புட்டுச் சின்னதா தெரியிறீங்க," என்றாள். பிறகு, "கொடியில கெடக்குறது என் சேலையா?"

"ஆமா. பொட்டியில இருந்தா பூஞ்சணம் புடிக்குது. வெயில் கண்டா எடுத்துப் போடுவேன்."

அவள் பக்கத்துப் படம் குலுங்கியது. போனை எங்கோ வைத்துவிட்டு அவளும் பின்னால் நடந்தாள். ஒரு துணி துவைக்கும் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மெத்தை. முழங்காலைக் கட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்தாள். சன்னல் இல்லை.

"இதுதான் நீ சொன்ன ரூமா?"

"ஆமா."

"வந்துரு தெரேசா."

அவள் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இத முந்தியே சொல்றதுக்கென்ன?" என்றாள். "காலையிலதான் மேடம்கிட்ட சரின்னுட்டேன். ஊருக்கு வர டிக்கெட்டுக்கு வச்சிருந்த காசும் அவங்க கையிலதான், இனித் தரமாட்டாங்க."

இருவருமே எழுந்து போய்ப் போனைக் கையில் எடுக்கவில்லை. மெஷின் நின்றதும் அவள் துணிகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். றோலண்ட் தேத்தண்ணி வைக்க அடுப்படிக்குப் போனார்.

"என்னங்க, ஆளக் காணோம்."

"தேத்தண்ணி ஊத்துறேன்."

"எடுத்துட்டு வந்து தெரியிற மாதிரி ஒக்காருங்க."

கோப்பையோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். சற்று யோசித்து, வலப்பக்கம் ஓர் ஆள் உட்கார இடம் விட்டு நகர்ந்துகொண்டார்.