என்னை வெளியே தள்ளிவிட்டுப் பேசியவர்கள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வாய் நீளம். மீன் விலை முதல் அடுத்த வீட்டுப் பெண்ணின் கல்யாணம் வரை அலசுவார்கள். என் நுரையீரல் வியாதி மட்டும் அவர்களுக்குக் "கொஞ்சம் சளி". துறைமுகத்தில் வேலை செய்த காலமெல்லாம் சிகரெட் ஊதி, இன்று குளியலறைக்குப் போய்வரவே ஒட்சிசன் குழாயை மூக்கில் மாட்டிக்கொள்கிறவனுக்குச் சளியாம்.

போன வருடம் கிளினிக்கில் ஓர் இளம் டொக்டர் என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார். "அங்கிள், மூச்சு எடுக்கவே ஏலாமப் போனா மெஷின்ல போடுறதா, இல்லாட்டி நோகாமப் பார்த்துக்கொள்ளுறதா? உங்கட விருப்பத்தை இப்பவே கதைச்சு வைப்பம்."

நான் வாய் திறப்பதற்குள் மகன் பாய்ந்தான். "அப்பாவுக்கு முன்னால இதெல்லாம் கதைக்காதேங்கோ டொக்டர்." சக்கர நாற்காலியோடு என்னை வெளியே தள்ளிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். என் சாவைப் பற்றிப் பேச என்னைத் தவிர எல்லோருக்கும் தகுதி இருந்தது. திரும்பி வந்து, "ஒண்டுமில்லை அப்பா, மருந்து மாத்தினவை" என்றான். ஒழுங்காகப் பொய் சொல்லக்கூடத் துப்பில்லாத பிள்ளை.

அடுத்த ஞாயிறு மகள் வத்தளைத் தேவாலயத்திலிருந்து சுவாமியாரைக் கூட்டி வந்தாள். வீட்டை ஆசீர்வதித்து மந்திரிக்கவாம். அவர் என் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசினார். சுவருக்கு ஒரு சொட்டுத் தீர்த்தம்கூடக் கிடைக்கவில்லை. அது சாவை நெருங்கும் நோயாளிக்குப் பூசும் எண்ணெய் என்பது முதல்நன்மை எடுக்காத சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அவர் போனதும் பிள்ளைகள் இருவரையும் உட்கார வைத்தேன். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னேன். "எனக்குத் தொண்டையில குழாய் வேண்டாம். மெஷின் வேண்டாம். நோகாமப் பார்த்தாக் காணும். டொக்டரிட்டையும் இதைத்தான் சொல்லப்போறன்."

மகள் அழுதாள். மகன், "அப்பாவைச் சாக விட்டிட்டான் எண்டு ஆக்கள் என்னைத்தானே சொல்லுவினம்" என்றான்.

அப்படி வா வழிக்கு. இத்தனை நாளும் அவன் காப்பாற்றியது என்னையல்ல, தன் பெயரை. எனக்கு அருவருப்பாக இருந்தது. "அப்பாதான் சொன்னவர் எண்டு சொல்லு" என்றேன்.

அவன் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டான். "சரி. கிளினிக்கில நீங்களே கதையுங்கோ" என்றான். பிறகு மெதுவாகக் கேட்டான். "உங்களுக்குப் பயமா இருக்கா அப்பா?"

இத்தனை வருட இழுப்பில் இந்த வீட்டில் யாரும் அதை என்னிடம் கேட்டதில்லை. நாக்கு நுனியில் இருந்த ஏச்சை விழுங்கினேன்.

"ஓம்" என்றேன். "சரியான பயம்."