ஒரு பிடி அரிசி போதுமா?

தேக்கா வட்டாரத்தில் எங்கள் அரவை மில்லின் கல்லாவுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. பழைய சாவிகள், மை தீர்ந்ததும் தீராததுமான பேனாக்கள், வாடிக்கையாளர்கள் மறந்துவிட்டுப் போன மசாலாச் சீட்டுகள் எல்லாம் அதில் கிடக்கும். அவற்றுக்கு அடியில் நான்காக மடித்த ஒரு தாள். பல்கலைக்கழகத்தில் ஒரு படிப்பிலிருந்து இன்னொரு படிப்புக்கு மாறுவதற்கான விண்ணப்பம் அது. ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை மஞ்சளாகப் பதிந்திருக்கிறது. மஞ்சள் அரைத்த கையைத் துடைக்காமல் எடுத்ததால் வந்த கறை. பதினாறு வருடமாக அந்தத் தாளை நான் யாருக்கும் காட்டவில்லை, முக்கியமாக என் தங்கைக்கு.

தங்கை என்னைவிடப் பதினான்கு வயது இளையவள். அப்பா போன பிறகு வீட்டில் எதற்கும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவள் மருந்தாளுநர் ஆக வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. எனக்கு அதைவிட ஆசை. வெள்ளைக் கோட்டு, தெரிந்த வேலை, யார் கேட்டாலும் ஒரே சொல்லில் பதில். அவளோ கலையும் அறிவியலும் சேர்த்துப் படிக்கும் ஒரு படிப்பில் இடம் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். காலையில் மெய்யியலாம், மதியம் வேதியியலாம், மறுநாள் வரலாறாம். கடைசியில் என்னவாக ஆவாய் என்று கேட்டால், "அது படிச்சாத்தான் தெரியும், அண்ணா" என்று சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏன் என்று சொன்னால் நீங்களே புரிந்துகொள்வீர்கள். ஒருவர் வீட்டு மசாலாவை இன்னொருவர் வீட்டு மசாலாவோடு சேரவிடாமல் காப்பதுதான் என் பிழைப்பு. கொத்தமல்லியும் மிளகாயும் வறுத்து எடுத்துக்கொண்டு வருகிறவர்கள், தங்கள் முறை வரும்வரை பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அரைக்கும்போது கண்ணை எடுக்கமாட்டார்கள். ஒருவருடையது முடிந்ததும் ஒரு பிடி பச்சரிசியை இயந்திரத்தில் போட்டு ஓட்டுவேன். உள்ளே ஒட்டியிருக்கும் காரத்தையும் வாசனையையும் அரிசி துடைத்துக்கொண்டு வந்துவிடும். ஒரு பிடி, அப்பா காலத்துக் கணக்கு. அப்படி வரும் செம்மஞ்சள் மாவு தனி வாளியில் விழும். மில்லில் வேலை பார்த்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் அடை சுடுவார்கள். அந்த வாளியை மட்டும் வாடிக்கையாளர் கண்ணில் படாமல் பின்னால் தள்ளி வைத்திருப்பேன். இப்படிப்பட்டவனிடம் வந்து எல்லாவற்றையும் கலந்து படிக்கிறேன் என்றால்? "ஏம்மா, உன் படிப்பே கலப்படமா இருக்கே" என்று சொல்லியேவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. மறுநாள் அந்த விண்ணப்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். தன் கையெழுத்தைப் போட்டு, மற்ற கட்டங்களை வெறுமையாக விட்டிருந்தாள். "ஒரு வருஷம் டைம் குடுங்க. அப்பவும் வேணாம்னு தோணுச்சுன்னா நீங்களே ஃபில் பண்ணிக் குடுத்துடுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் லா." சொன்ன சொல்லிலிருந்து அவள் மாறமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தத் தாள் என் சட்டைப் பையில் கனத்தது.

அந்த ஒரு வருடமும் அவள் மில்லில் சும்மா இருக்கவில்லை. வரிசையில் நிற்கும் ஆன்ட்டிகளிடம் நோட்டுப் புத்தகத்தோடு போய் நிற்பாள். உங்கள் மசாலாவில் சோம்பு உண்டா, யார் சொல்லிக்கொடுத்தது, எந்த ஊர்க் கணக்கு என்றெல்லாம் கேட்பாள். வாளி மாவைச் சின்னச் சின்னக் குப்பிகளில் அள்ளிக்கொண்டு போவாள். ஆளைப் பார்த்தால் படிக்கிறவள் மாதிரியே இல்லை. வருடக் கடைசியில் பல்கலைக்கழகத்திலிருந்து குடும்பத்தாரை வரச்சொல்லி ஒரு கடிதம் வந்தது. அவள் தொடக்கப்பள்ளியில் படித்தபோது, கேள்வி கேட்டே வகுப்பைக் குலைக்கிறாள் என்று மூன்று தடவை என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வரச்சொன்னால் வம்பு என்பதுதான் நான் கண்டது. விண்ணப்பத்தின் எல்லாக் கட்டங்களையும் நிரப்பினேன். 'காரணம்' என்ற கட்டத்தில் மட்டும் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, பிறகு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்க நான்கு வாக்கியம் மனப்பாடம் செய்துகொண்டேன். ஒரு கிலோ லட்டு வாங்கிக்கொண்டு, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை மாட்டிக்கொண்டு எம்ஆர்டி ரயில் ஏறினேன். ஆசிரியரைப் பார்த்துவிட்டு அப்படியே அலுவலகத்தில் தாளைக் கொடுத்துவிட்டு வருவதாகத் திட்டம்.

போனால் அங்கே ஒரு பெரிய கூடம். மாணவர்கள் தாங்கள் ஆராய்ந்ததை ஆளுக்கொரு மேசையில் வைத்து விளக்கிக்கொண்டிருந்தார்கள். கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தவன் நான் ஒருவன்தான். தங்கையின் பேராசிரியை, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஒரு சீனப் பெண்மணி, ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த மில்காரர் நீங்கள்தானா!" என்று ஆங்கிலத்தில் கேட்டார். மனப்பாடம் செய்த நான்கு வாக்கியமும் மறந்துபோயிற்று. லட்டை நீட்டினேன்.

தங்கையின் மேசைக்குப் போனேன். நடுவில் என் வாளி! பக்கத்தில் ஒரு தட்டு நிறைய அடை. கூட்டம் அடையைப் பிய்த்துத் தின்றுகொண்டே அவள் பேச்சைக் கேட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. "இது விற்கிற மாவு இல்லை!" என்று கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். தங்கை சிரிக்கவில்லை. "அண்ணா, முழுசா கேளுங்க" என்றாள்.

ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்தாளாம். ஒரு பிடி அரிசி போதவில்லையாம். முந்தைய ஆளின் காரமும் வாசனையும் கொஞ்சம் உள்ளேயே தங்கி அடுத்தவர் மசாலாவில் ஏறிவிடுகிறதாம். இதை அத்தனை பேர் முன்னால் சொன்னாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அப்பாவின் பெயர் போயிற்றே என்று தோன்றியது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று.

ஆனால் அவள் அதோடு நிறுத்தவில்லை. வரிசையில் நின்றவர்களிடமும் கேட்டிருக்கிறாள்: அப்படிக் கொஞ்சம் கலந்தால் பரவாயில்லையா? முக்கால்வாசிப் பேர் சிரித்துக்கொண்டே, வீட்டு மிக்சியில் அரைத்தால் அந்த ருசி வரவில்லை, அதற்குத்தானே இங்கே வருகிறோம் என்றார்களாம். கேலாங்கிலிருந்து வரும் ஒரு அம்மா மட்டும், தன் பேரனுக்குக் கடுகு ஒத்துக்கொள்ளாது என்று கவலைப்பட்டாராம். "குப்பி ஒரு பதில் சொல்லுது, ஆன்ட்டிங்க ஒரு பதில் சொல்றாங்க, அந்தப் பேரன் இன்னொரு பதில். இதுல அண்ணா எதைக் கேட்கணும்?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினாள். பேராசிரியை என் பக்கம் திரும்பி, நீங்கள் என்ன செய்வீர்கள் என்றார்.

என் வாழ்நாளில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எவ்வளவு நேரமாகும், எப்போது முடியும், இவ்வளவுதான் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த தொழிலில் எனக்குத் தெரியாத கேள்வி ஒன்று இத்தனை காலமாக உட்கார்ந்திருந்ததா! கொஞ்சம் யோசித்து, "எல்லாருக்கும் உண்மையைச் சொல்லிடுவேன். வேணுங்கறவங்களுக்கு இன்னும் ஒரு பிடி போடுவேன். அந்தப் பேரன் வீட்டு மசாலாவுக்கு எப்பவும் முதல் அரவை, மெஷினைக் கழுவிட்டு" என்றேன். தங்கையின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! அந்தச் சந்தோஷத்தில் நானும் ஒரு அடையை எடுத்துக் கடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு ருசி. எத்தனை வருடம் அதை மறைத்து வைத்திருந்தேன், மடையன்!

அலுவலகம் எங்கே என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. தாள் பிஸ்கட் டின்னுக்குப் போயிற்று. அது என்ன ஆயிற்று என்று அவளும் கேட்கவில்லை. மில் சுவரில் அன்று சொன்னதையெல்லாம் எழுதி ஒட்டினேன். வாடிக்கை குறையும் என்று பயந்தேன், குறையவில்லை. வாளியும் முன்பக்கம் வந்துவிட்டது.

தங்கை பிறகு ஓர் அருங்காட்சியகத்தில் வேலையில் இருந்தாள். அப்புறம் தண்ணீரைச் சோதிக்கிற இடம். இப்போது, வாசனையும் ருசியும் தெரியாமல் போன முதியவர்களுக்கு என்ன சமைக்கலாம் என்று கண்டுபிடிக்கிற வேலை. உங்கள் தங்கை என்னவாக இருக்கிறாள் என்று இன்றும் கேட்கிறார்கள். ஒரே சொல்லில் பதில் இல்லை. நான் கதையாகவே சொல்லிவிடுவேன். அதற்குள் அவர்கள் மல்லி அரைந்துவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் பொங்கோல் வீட்டிலிருந்து மில்லுக்கு வந்தாள். என் மகளின் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு உதவி செய்யத்தான். மகளுக்கு மருந்தியல்தான் வேண்டுமாம். "அத்தை படிச்சதைப் படிச்சுப் பாரேம்மா" என்று நான் கெஞ்ச, "அப்பா, எனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்" என்று அவள் முறைக்க, தங்கைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அவளை விடுங்க அண்ணா, அவ கேள்வி அது" என்று சொல்லிக்கொண்டே, பேனா தேடி பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தாள்.

மஞ்சள் ரேகை வெளியே வந்துவிட்டது. தாளைப் பிரித்தாள். தன் பழைய கையெழுத்தைப் பார்த்தாள். நான் நிரப்பிய கட்டங்களைப் பார்த்தாள். நான் கொத்தமல்லி மூட்டையை நகர்த்துவதுபோல் திரும்பிக்கொண்டேன். 'காரணம்' என்ற கட்டத்தில் அன்று நான் எழுதியிருந்தது இதுதான்: என் தங்கை என்னவாக ஆகப்போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். பிறகு தாளை மடித்து, டின்னுக்குள் பழைய இடத்திலேயே வைத்து மூடினாள். அவள் போன பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். என் வரிக்குக் கீழே தமிழில் எழுதியிருந்தாள்:

"எனக்கும் இன்னும் தெரியல, அண்ணா. ரொம்ப சந்தோஷமா இருக்கேன்."